புரோக்கர் கூட்டிச் சொன்ன ஆறு லட்சம் யாருக்குச் சேரும்?

பள்ளி ஆசிரியையான வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பா கட்டிய வீடு. பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். அண்ணன், இவர், அமெரிக்காவில் வேலை பார்க்கும் தம்பி ஆகிய மூவரும் வீட்டை விற்றுவிட முடிவு செய்தார்கள். அப்பாவுக்கு நெடுநாள் பழக்கமான புரோக்கர் ஒருவரிடம் அண்ணன் பேசினார். “எங்கள் கைக்கு 62 லட்சம் வந்தால் போதும். உங்களுக்கு வழக்கமானதைக் கொடுத்துவிடுகிறோம்” என்பதுதான் பேச்சு. எழுத்தில் எதுவும் இல்லை. வில்லங்கம் பார்க்க வேண்டும் என்று மூலப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போன புரோக்கர், சில வாரங்களில் ஒருவரை அழைத்துவந்தார். அட்வான்ஸ் என்று ஒரு லட்சம் ரூபாயை ரொக்கமாக அண்ணனிடம் கொடுத்தார்.

பிறகு ஒரு நாள் வாங்குபவர் தன் மனைவியோடு வீட்டை மறுபடி பார்க்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவரிடம் சொல்லப்பட்ட விலை 68 லட்சம். அவர் கொடுத்த அட்வான்ஸ் இரண்டு லட்சம். அது போக, அவரும் தனியே ஒரு லட்சம் கமிஷன் தர வேண்டுமாம். புரோக்கரைக் கேட்டால், “62-க்கு மேலே வருவது என் சாமர்த்தியம். கமிஷன் இரண்டு சதவீதம் அரசாங்கமே நிர்ணயித்தது, அதை நீங்கள் தனியாகத் தர வேண்டும்” என்கிறார். பத்திரத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் மூவரும் தன் பெயருக்குப் பவர் (உங்கள் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொடுத்துவிட்டால் வேலை சுலபம் என்றும் சொல்கிறார்.

வாசகி கேட்பவை இவை. எழுத்தில் எதுவும் இல்லாதபோது அவருக்குக் கமிஷன் கேட்க உரிமை உண்டா? அவரை ஒதுக்கிவிட்டு வாங்குபவரிடமே நேரடியாக விற்றுவிடலாமா? ரெரா எனும் ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி புகார் கொடுக்கலாமா? “அமெரிக்காவில் விற்பவர்தான் எல்லா கமிஷனையும் கொடுப்பார்” என்று தம்பி சொல்கிறாரே, இங்கும் அப்படித்தானா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தில் நீங்கள் எடுக்க நினைக்கும் இரண்டு முடிவுகள் உங்களுக்கே பாதகமாகத் திரும்பக்கூடும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கமிஷன் எவ்வளவு?

இரண்டு சதவீதம் என்று அரசாங்கம் நிர்ணயித்ததாக அவர் சொன்னது உண்மையல்ல. தமிழ்நாட்டில் வீடு விற்பனைக்கான தரகுத் தொகையை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. ரெரா என்று நாம் சுருக்கிச் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்திலும் விகிதம் எதுவும் சொல்லப்படவில்லை. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்பதெல்லாம் அந்தந்த வட்டாரத்துப் பழக்கம். யார் கொடுப்பது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் தீர்மானிப்பது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம்தான்.

எழுத்தில் இல்லாததால் ஒப்பந்தமே இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது சரியல்ல. வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும், நிரூபிப்பதுதான் கடினம். “வழக்கமானதைக் கொடுத்துவிடுகிறோம்” என்று உங்கள் அண்ணன் சொன்னதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கமிஷன் தர ஒப்புக்கொண்டது உண்மை. உங்கள் ஊரில் வழக்கம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அண்மையில் வீடு விற்ற இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். 68 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் 68,000 ரூபாய். இரண்டு சதவீதம் என்றால் 1,36,000 ரூபாய். ஒரு சதவீதமே உங்கள் பக்கத்து வழக்கம் என்றால், அதற்கு மேல் கேட்க அவரிடம் ஆதாரம் இல்லை.

எப்போது தர வேண்டும் என்பதற்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 219-ஆம் பிரிவு பதில் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகுதான் முகவருக்கு ஊதியம் சேரும். உங்கள் விஷயத்தில் கிரயம் இன்னும் நடக்கவில்லை, கிரய ஒப்பந்தம்கூட எழுதவில்லை. எனவே அட்வான்ஸில் ஒரு லட்சத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள அவருக்கு இப்போது நியாயம் இல்லை.

அந்த ஆறு லட்சம்

உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே பெரிய விஷயம் இதுதான். இரண்டு சதவீதமா ஒரு சதவீதமா என்பதில் உள்ள வித்தியாசம் 68,000 ரூபாய். இங்கே உங்களுக்குத் தெரியாமல் ஒதுக்கப்பட்டது ஆறு லட்சம்.

புரோக்கர் உங்களுக்காகப் பேசுகிறவர். சட்டத்தின் பார்வையில் அவர் உங்கள் முகவர். உங்களுக்குத் தெரியாமல் அந்த வேலையிலிருந்து தனக்கென்று ஒரு லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு என்கிறது அதே சட்டத்தின் 216-ஆம் பிரிவு. பிரிவுக்குக் கீழே சட்டமே தரும் உதாரணமும் ஒரு வீட்டைப் பற்றியதுதான். ஒருவர் ஒரு வீட்டை வாங்கித் தரும்படி முகவரிடம் சொல்கிறார். அது கிடைக்காது என்று சொல்லிவிட்டு முகவர் தனக்கே வாங்கிக்கொள்கிறார். விஷயம் தெரிந்ததும், முகவர் கொடுத்த விலைக்கே அதைத் தனக்கு விற்கும்படி வேலையை ஒப்படைத்தவர் கட்டாயப்படுத்தலாம். முகவரின் சாமர்த்தியத்தில் கிடைத்த பலன் அவரை நம்பியவருக்கே சேரும் என்பதுதான் இதன் அடிப்படை. முறைகேடாக நடத்திய வேலைப் பகுதிக்கு முகவர் ஊதியமே கேட்க முடியாது என்று 220-ஆம் பிரிவும் இருக்கிறது. கேட்டால் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்கிறது 213.

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. “இன்ன விலைக்கு மேல் கிடைப்பது உங்களுக்கு” என்று உரிமையாளரே தெரிந்து ஒப்புக்கொண்டிருந்தால் அது செல்லும். 1950-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அப்துல்லா அகமது வழக்கில், ஒரு தொகைக்கு மேல் கிடைப்பதைத் தரகருக்குத் தருவதாகக் கல்கத்தாவைச் சேர்ந்த உரிமையாளர் கடிதமே கொடுத்திருந்தார். தரகருக்குச் சாதகமாகத்தான் அந்த வழக்கு முடிந்தது. எனவே அண்ணனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். “மேலே வருவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்” என்று பேச்சுவாக்கில் அவர் சொன்னாரா? “கைக்கு 62 வந்தால் போதும்” என்பது அடிமட்ட விலையைச் சொல்லும் பேச்சு. அதோடு “வழக்கமான கமிஷன் தருகிறோம்” என்றும் சொல்லியிருப்பதால், மிச்சத்தை விட்டுக்கொடுத்ததாக அதற்குப் பொருள் கொள்ள முடியாது என்பது என் கருத்து. மேலே வருவதும் எனக்கு, கமிஷனும் எனக்கு என்று இரண்டையும் அவர் கேட்பதே, அப்படி ஒரு பேச்சு நடக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. இருந்தாலும் அண்ணன் என்ன சொன்னார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

வீடு விற்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். புரோக்கரிடம் “கைக்கு இவ்வளவு வந்தால் போதும்” என்று பேசாதீர்கள். விலை இவ்வளவு, கமிஷன் இவ்வளவு என்று தனித்தனியே சொல்லுங்கள்.

இதில் வரிச் சிக்கலும் இருக்கிறது. பத்திரத்தில் 68 லட்சம் என்று எழுதி, உங்கள் கைக்கு 62 மட்டும் வந்தால், மூலதன ஆதாய வரி 68 லட்சத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். வாங்காத பணத்துக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள். நியாயமான தரகுச் செலவைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ரசீது இல்லாத ஆறு லட்சத்தைத் தரகுச் செலவு என்று காட்டி ஏற்கவைப்பது எளிதல்ல. மாறாக 62 என்று எழுதி ஆறு லட்சத்தை ரொக்கமாகப் புரோக்கரிடம் கொடுத்தால் அடிபடுபவர் வாங்குபவர். அந்தப் பணத்துக்கு அவரிடம் எந்தக் கணக்கும் இருக்காது. நாளை அவர் அந்த வீட்டை விற்கும்போது, வாங்கிய விலையாக 62 லட்சத்தைத்தான் காட்ட முடியும். கமிஷன் ஒழுங்கு தவறும்போது இரு பக்கமும் இழக்கிறார்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கலாமா?

வாங்கலாம், இருவருக்கும் அது தெரிந்திருந்தால். நம் ஊர்களில் அது பரவலான பழக்கம், அதையே குற்றம் என்று சொல்ல முடியாது. மறைத்து வாங்கும்போதுதான் தவறாகிறது. உங்கள் வீட்டை வாங்க வந்தவரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். தனக்காக விலையைக் குறைத்துப் பேசுவார் என்று நம்பி ஒரு லட்சம் தர ஒப்புக்கொள்கிறார். விலை ஏற ஏற லாபம் பார்ப்பவரோ அதே ஆள். அவரும் உங்களைப் போலவே ஏமாற்றப்பட்டிருக்கிறார். அவரை எதிர்த்தரப்பாக நினைக்காமல், அண்ணனோடு போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். விலை 68-ஆகவே இருக்குமா, குறைத்துக் கேட்பாரா என்பதை நீங்கள் இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம்.

தம்பி சொன்னது பழைய நிலவரம். அமெரிக்காவில் நெடுங்காலமாக விற்பவர் ஒரே கமிஷனாகக் கொடுக்க, அதை இரு தரப்பு முகவர்களும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. தன் முகவருக்கு எவ்வளவு போகிறது என்பதே பல நேரம் வாங்குபவருக்குத் தெரியாது. 2023 அக்டோபரில் மிசௌரி மாநிலத்து வழக்கு ஒன்றில் ஜூரி இந்த ஏற்பாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்நாட்டுத் தேசிய ரியல்டர்கள் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் முகவருக்கு இவ்வளவு தருவோம் என்று விற்பனைப் பட்டியல் தளத்தில் அறிவிக்கக் கூடாது. வாங்குபவரும் தன் முகவரோடு வீடு பார்க்கப் போவதற்கு முன்பே, தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். விற்பவர் இன்றும் விரும்பினால் அந்தத் தொகையை ஏற்கலாம், கட்டாயம் இல்லை. அந்த விதிகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே தொகையை எழுதிக்கொள்வதற்கு இங்கே எந்தத் தடையும் இல்லை.

அவரை ஒதுக்கிவிட்டு நேரே விற்கலாமா?

வேண்டாம். அவர் செய்தது தவறு என்றாலும், வாங்குபவரை அழைத்துவந்தது அவர்தான். விற்பனை நடக்கக் காரணமாக இருந்த தரகரைக் கடைசி நேரத்தில் விலக்கிவிட்டு, அதே ஆளுக்கு விற்பவர்களிடமிருந்து கமிஷனைப் பெற்றுத்தர நீதிமன்றங்கள் தயங்கியதில்லை. மேலே சொன்ன 1950 வழக்கிலும், தகுந்த ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு தரகரை விலக்கியது உரிமையாளருக்குக் கைகொடுக்கவில்லை. விற்பனையை நீங்களே நேரடியாகப் பேசி முடிக்கலாம். அவருக்குரிய நியாயமான தொகையை அதிலிருந்து ஒதுக்கி வையுங்கள். உங்கள் கை சுத்தமாக இருந்தால்தான் ஆறு லட்சத்தைப் பற்றி உரக்கப் பேச முடியும்.

ரெரா உதவுமா?

இந்த வீட்டுக்கு உதவாது. அந்தச் சட்டம் ‘ரியல் எஸ்டேட் திட்டம்’ என்று வரையறுக்கும் மனைப்பிரிவுகள், அடுக்குமாடிகள் போன்றவற்றில் நடக்கும் விற்பனைக்கானது. பதிவு செய்த திட்டத்தில் மனையோ வீடோ விற்க உதவும் முகவர், 9-ஆம் பிரிவின்படி தானும் பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், விற்கப்பட்ட சொத்தின் விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம் உண்டு. புதிய அடுக்குமாடி வாங்குபவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு. அப்பா கட்டிய தனி வீட்டை மறுவிற்பனை செய்யும்போது அந்தக் கதவு திறக்காது. உங்களுக்கு உள்ள வழிகள், ஒப்பந்தச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றமும், சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையமும். நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பு இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போவதைக் கடைசி வழியாக வையுங்கள். பேச்சில் திரும்பக்கூடிய பணத்துக்காக மோசடிப் புகார் கொடுத்தால் கிரயமும் நின்றுபோகும்.

பத்திரமும் பவரும்

மூலப் பத்திரத்தை அவர் வைத்திருக்கவே முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. தனக்குச் சேர வேண்டிய கமிஷன் வரும்வரை, தன்னிடம் வந்த காகிதங்களை நிறுத்திவைக்க முகவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 221-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் சேர வேண்டிய தொகை என்று ஒன்று இருந்தால்தான் அந்த உரிமை. கிரயம் முடியாத இன்றைய நிலையில் அவருக்குப் பாக்கி எதுவும் இல்லை, ஆகவே தர மறுப்பது தவறு. வில்லங்கச் சான்று எடுக்க மூலப் பத்திரமே தேவையில்லை, ஆவண எண்ணும் சர்வே எண்ணும் போதும். வாங்க வருபவருக்குக் காட்ட நகல் போதும். மூலப் பத்திரம் வீட்டைவிட்டு வெளியே போயிருக்கவே கூடாது.

பவர் விஷயத்தில் என் பதில் திட்டவட்டமானது. அவர் பெயருக்கு எழுதிக்கொடுக்காதீர்கள். இவ்வளவு நடந்த பிறகு, விலை பேசவும் பணம் வாங்கவும் பத்திரத்தில் கையெழுத்திடவும் அவருக்கே அதிகாரம் கொடுத்தால், மேலே நான் சொன்ன உரிமைகள் எல்லாம் ஏட்டளவில் நிற்கும். பணம் வாங்கிக்கொண்டு எழுதிய பவரை ரத்து செய்வதும் கடினம், ஏனென்றால் முகவருக்கே அந்தச் சொத்தில் ஈடுபாடு இருக்கும்போது 202-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தம்பி வர முடியாவிட்டால் உங்களுக்கோ அண்ணனுக்கோ எழுதிக்கொடுக்கட்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றுறுதி செய்து அனுப்பினால், இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். தம்பியின் பங்குக்கு வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரியான டி.டி.எஸ். விகிதமும் உங்களுக்கானதைவிட வேறு, அதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ரொக்கமாக வாங்கிய ஒரு லட்சத்தைப் பற்றியும் ஆடிட்டரிடம் சொல்லியாக வேண்டும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். திருப்பிக் கொடுப்பதால் நடந்தது இல்லையென்று ஆகாது. ஆனால் தெரியாமல் நடந்ததற்கான காரணத்தை விளக்க இடம் உண்டு. இனி ஒரு ரூபாயும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. அண்ணன், தம்பி, நீங்கள் மூவரும் ஒரே நிலைப்பாட்டுக்கு வாருங்கள். புரோக்கரிடம் இனி ஒருவர் மட்டுமே பேசட்டும்.

2. வாங்குபவரிடம் அவர் யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுத்தார் என்பதை எழுதி வாங்குங்கள். நீங்கள் பெற்றது ஒரு லட்சம் மட்டுமே என்பதை அவருக்கும் எழுதிக்கொடுங்கள்.

3. புரோக்கருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வசைச்சொல் வேண்டாம். கணக்கு, மீதி அட்வான்ஸ், மூலப் பத்திரம் மூன்றையும் கேளுங்கள். கிரயம் பதிவாகும் நாளில் இத்தனை ரூபாய் கமிஷன் தரத் தயார் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவார்கள், குறிப்பாகக் குடும்பத்துக்குப் பழக்கமானவர்கள்.

4. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பத்திரம் கிடைக்காமல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பதை வாங்குபவருக்கு மறைக்காதீர்கள்.

அவர் இறங்கிவந்தால், பேசியதை ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வீட்டு முகவரி, முழு விலை, கமிஷன் தொகை, ஜி.எஸ்.டி. உண்டென்றால் அது அதற்குள்ளா வெளியேயா, எந்த நாளில் தருவது, வாங்குபவரிடமிருந்து அவர் பெறுவது எவ்வளவு, கிரயம் நடக்காவிட்டால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தொகையை வங்கி வழியாகக் கொடுத்து, அவருடைய பான் எண்ணோடு ரசீது வாங்குங்கள். வரிக் கணக்கில் கழிவு கேட்கும்போது ஆடிட்டர் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான். வாங்குபவரையும் தன் பங்குக்கு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.